மஞ்சள் சட்டைகள்

"அண்ணி, அந்தக் கும்பல் வந்திருக்கு" என்று கொழுந்தன் வந்து சொன்னபோது, அவள் சவப்பெட்டிக்குள் கிடந்த கணவனின் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள்.

சீப்பும் கையுமாக எட்டிப் பார்த்தாள். மூன்றாம் மாடிப் படிக்கட்டு முழுக்க மஞ்சள் சட்டை. ஒவ்வொரு நெஞ்சிலும் அந்தப் பாடகியின் முகம், அதற்குக் கீழே 'மின்மினிகள்' என்று அவளுடைய ரசிகர் மன்றத்தின் பெயர் கொட்டை எழுத்தில்.

இந்த மனுஷனுக்காகப் பதில் சொல்லியே அவளுக்கு வாய் ஓய்ந்துபோயிருந்தது. பல் செட் செய்கிற வேலை அவருக்கு. வேலை நேரம் முழுக்கக் காதில் அந்தப் பாடகிதான். ஊர் ஊராகக் கச்சேரிக்கும் போவார். ஆனால் நீங்களும் மின்மினியா என்று யாராவது கேட்டுவிட்டால் முகம் சுண்டிப்போகும். ஒரு கச்சேரியில் இந்த ரசிகர்கள் போட்ட சண்டையில் நாற்காலிகள் பறந்ததிலிருந்து அந்தப் பெயரைச் சொன்னாலே ஊர் சிரித்தது. பாட்டு பிடிக்கும், அவ்வளவுதான், எந்தக் கூட்டத்திலும் நான் இல்லை என்பார். அதைச் சொந்தபந்தத்தை நம்பவைக்கிற பாடு அவளுடையது. நேற்றுக் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், அந்த வேலையையும் அவள் தலையிலேயே கட்டிவிட்டுப் போய்விட்டார்.

கொழுந்தனுக்குத் தன் வங்கி ஆட்கள் வருகிறார்களே என்ற கவலை. இவர்களைப் பார்த்தால் மானம் போய்விடும், கீழே போய் நிற்கச் சொல்லுங்கள் என்று காதருகில் அரித்தான். அதற்குள் கூட்டத்துக்குத் தலைவி போலிருந்த ஒரு தையல்காரி, பெட்டிமேல் போர்த்த ஒரு மஞ்சள் துணியோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அவர் உங்க ஆளு இல்லம்மா." பல வருஷப் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது.

"தெரியும்க்கா. எங்ககிட்டயும் அதையேதான் சொல்வாரு. சொல்லிட்டு எங்க நடுவுலயே வந்து உக்காருவாரு. அவரு அளவுக்கு ஒரு சட்டையைப் பிரிச்சுத் தெச்சுக் குடுத்தேன், வேணாம்னுட்டாரு."

"அப்புறம் எதுக்கு இந்தத் துணி?"

தையல்காரி துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள். கணவன்மேல் அவளுக்கு எரிச்சல் அடங்கவில்லை. ஒன்று அந்தச் சட்டையைப் போட்டுத் தொலைத்திருக்கலாம், இல்லை போகாமலாவது இருந்திருக்கலாம். இரண்டும் இல்லாமல் இந்த நேரத்திலும் அவளையே வாசலில் நிற்க வைத்துவிட்டார்.

வண்டிக்காரர் மேலே வந்து, லிஃப்டில் பெட்டி நுழையாது, தூக்க ஆறு பேராவது வேண்டும் என்றார். கொழுந்தன் வீட்டுக்குள் கண்ணை ஓட்டினான். பக்கத்து வீட்டுப் பெரியவரையும் அவனையும் விட்டால் ஆள் இல்லை. வங்கியிலிருந்து இன்னும் ஒருவரும் வந்தபாடில்லை.

"அவங்களைக் கூப்பிடுங்க" என்றாள்.

"இந்தச் சட்டையோடயா அண்ணி?"

அது தையல்காரியின் காதில் விழுந்தது. திரும்பிப் படியில் நின்றவர்களிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். ஆண்கள் ஒவ்வொருவராகச் சுவர்ப்பக்கம் திரும்பிச் சட்டையைக் கழற்றினார்கள், உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். பெண்கள் குளியலறை எங்கே என்று கேட்டு, அதன் வாசலில் வரிசையில் நின்றார்கள். சாவு வீட்டில் இது வேறு என்று அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பெட்டி இறங்கியது. முன்னால் கொழுந்தன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, "திருப்பம், பாத்து" என்று பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டே போனான்.

அவள் பின்னால் நடந்தாள். அவளுக்கு முன்னால் போன தடித்த ஆளின் கழுத்துக்குப் பின்னால், எப்படித் துவைக்க வேண்டும் என்று அச்சடித்த சிறு துணித்துண்டு வெளியே நீட்டிக்கொண்டு ஆடியது. அதன்மேலேயே கண்ணை வைத்தபடி அவள் ஒவ்வொரு படியாக இறங்கினாள்.