ஏழு மலைகளின் அமைதி

எங்கள் ஊர்க்காரன் எவனும் இதை மலை என்று ஒத்துக்கொள்ள மாட்டான். நான் பிறந்தது பாபநாசத்துக்குப் பக்கத்தில். கண் விழித்தால் பொதிகை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தபோது, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் வருகையில் தெரிந்த கரட்டைப் பார்த்து, "இதுக்குப் பேரு மலையாலே?" என்று சிரித்தவன்தான் இந்தக் கொம்பையா. இப்போது, 2004 மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அப்படிப்பட்ட ஏழாவது மலையில் தனியாக வாயைப் பிளந்துகொண்டு ஏறிக்கொண்டிருந்தேன்.

அறையில் கூட இருக்கும் அந்தோணிராஜ் என்னைக் கிறுக்கன் என்று முடிவு கட்டிவிட்டான். "லீவு அன்னைக்கு மனுசன் தூங்குவான், துணி தொவைப்பான். நீ வெயில மேய்க்கப் போறியாலே?" என்பான். அவனிடம் காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லப் பயம்.

எனக்கு பிரஸ் ஷாப்பில் வேலை. நானூறு டன் பிரஸ் தகட்டின் மேல் இறங்கும் சத்தம், ஷிப்ட் முடிந்து பஸ் ஏறிய பிறகும் காதை விட்டுப் போகாது. அடைத்துக்கொள்ள ரப்பர் கொடுப்பார்கள்தான். ஆனால் மெஷினின் ஓட்டம் மாறினால் சத்தத்தில்தான் முதலில் தெரியும் என்று நாங்கள் எல்லோரும் ஒரு காதைத் திறந்து வைத்தே வேலை பார்ப்போம். பேசுகிறவன் உதட்டைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துக்கொள்வோம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மறுநாள் எனக்குக் காது டெஸ்ட். தேறினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். முந்தின நாள் முழுக்கச் சத்தமில்லாத இடத்தில் இருந்தால் காது பழையபடி ஆகிவிடும் என்பது எங்கள் ஷாப் வைத்தியம். மற்றவர்கள் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்திருப்பார்கள். நான் போன வருஷம் பேருக்கு நடந்த டெஸ்ட்டுக்காகத்தான் முதல் மலைக்குப் போனேன். அடுத்த ஐந்துக்கும் ஆசையில் போனேன்.

பிள்ளைப்பாக்கத்தைத் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி ஒன்பது. பாதை என்று ஒன்றும் இல்லை. காரைமுள் சட்டையைப் பிடித்து இழுத்தது. பாறையில் கை வைத்தால் தோசைக்கல். பாதி உயரத்தில் கம்பெனி பஸ் அளவுக்கு ஒரு பாறை, இன்னொரு பாறையின் மேல் உள்ளங்கையளவு இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஒரு வெல்டு இல்லை, ஒரு போல்ட் இல்லை. நான் அதற்குக் கீழே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். எந்தக் காலத்திலிருந்து இப்படி இருக்கிறதோ தெரியவில்லை. எனக்குக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

உச்சிக்கு வந்தேன். நாலா பக்கமும் வற்றிய ஏரிகள், வெடித்த சேறு, தகரக் கூரைகள், கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை வானம். என் கம்பெனிக் கூரை கட்டைவிரல் நகத்துக்குள் மறைந்துவிட்டது. அத்தனை சத்தமும் அதற்குள்தான் இருக்கிறது என்று நம்ப முடியவில்லை. இங்கே ஒரு சத்தம் கிடையாது. உலகம் உண்டாகி யாரும் இன்னும் பேச ஆரம்பிக்காத மாதிரி இருந்தது. இருநூறு அடி உயரக் கரட்டில் இவ்வளவு பெரிய அமைதியை யார் கொண்டுவந்து வைத்தது! உடம்பு சிலிர்த்தது. கீழே எங்கோ ஒரு மயில் அகவியது, தெளிவாகக் கேட்டது. நாளைக்குத் தேறிவிடுவேன் என்று சந்தோஷத்தில் தனியாகச் சிரித்தேன்.

முதலில் எட்டு ஆடுகள் வந்தன. பின்னால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண்மணி, நாற்பது வயதிருக்கும்.

"இன்னா தம்பி, இந்த வெயில்ல தனியா குந்திக்கினு கீறே?"

அவர் பெயர் அம்சவல்லி, கீழ்த்தெருவில் வீடு. என் பாட்டில் தண்ணீரில் பாதியை வாங்கிக் குடித்தார். வாயருகே கையைக் குவித்துக்கொண்டுதான் பேசினார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எதற்கு இப்படிக் கத்துகிறார் என்று நினைத்தேன்.

"இங்க உள்ள அமைதி வேற எங்கயும் கிடைக்காதுக்கா. அதுக்காகத்தான் வாரேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அமைதியா? கிண்டலு பண்றியா? வண்டு கத்துற கத்துல காது பிச்சிக்கினு போவுது. ஆட்டைக்கூட கூப்புட முடியல."

கையை நீட்டி உசிலை மரத்தைக் காட்டினார். எழுந்து போய்ப் பார்த்தேன். பட்டையின் நிறத்திலேயே வரிசையாக ஒட்டிக்கொண்டு சிள்வண்டுகள். ஒவ்வொன்றின் அடிவயிறும் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. அடுத்த மரத்திலும் அப்படியே. அதற்கடுத்த மரத்திலும்.

எங்கள் ஊர் மலையில் கோடையில் சிள்வண்டு கத்தினால் அருவிச் சத்தமே அமுங்கிப்போகும். இங்கே அது இல்லாததைக் கவனித்திருக்கிறேன். வறண்ட கரடு, வண்டுக்குக்கூட வக்கில்லை என்று இளக்காரமாக நினைத்துக்கொண்டேன். ஏழு மலையிலும் அப்படியேதான் நினைத்தேன். போன வருஷம் முதல் மலையிலேயே என் காது போயிருந்திருக்கிறது. மயிலும் பேச்சும் கேட்கிற காதுக்கு இந்தக் கீச்சுச் சத்தம் மட்டும் எட்டவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா," என்றேன். யாரிடமும் சொல்லாததை அந்த முன்பின் தெரியாத மனுஷியிடம் சொன்னேன். "எனக்குக் கேக்கலக்கா."

அம்சவல்லி அக்கா ஆடுகளை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு மரத்திலிருந்து ஒரு வண்டை லாகவமாகப் பிடித்து, என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

கைக்குள் அது வெடிக்கிற மாதிரி துடித்தது. கட்டைவிரல் பருமன்கூட இல்லாத ஒரு பூச்சி. அதன் அதிர்வு மணிக்கட்டு வரை ஏறியது. ஒன்றுக்கே இப்படி. மலை முழுக்க எத்தனை ஆயிரம்! நான் நின்றுகொண்டிருந்த இடமே கூச்சலுக்கு நடுவில்தான். எனக்கு அழுகை வந்தது, அடக்கத் தோன்றவில்லை.

"கேக்குதா?" என்று அவர் உதடு அசைந்தது.

"இல்லக்கா," என்றேன். "ஆனா கத்துது."