குப்பையில் வைத்தது

பச்சை ஸ்டிக்கரை உரித்து, மடிக்கணினியைக் கவிழ்த்து, அதன் அடியில் நாலு மூலையும் கோணாமல் ஒட்டிக் கட்டைவிரலால் தேய்த்தார். ‘சுத்தம். மீட்க முடியாது’ என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே தேதியும் அவருடைய கையெழுத்தும். கூடத்தில் அவருடைய மனைவி வெள்ளைப் போர்வைக்குள் படுத்திருந்தாள். மயானத்துக்குக் கொண்டுபோகப் பத்து மணிக்கு வண்டி வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

“தம்பி, இப்ப இது அவசியமா?” என்று அறை வாசலில் நின்று கேட்டாள் மனைவியின் அக்கா.

“பாப்பா வந்துட்டே இருக்கா. அவ அம்மா இதை அவ கையில குடுக்கச் சொல்லிட்டுப் போயிருக்கா.”

“சரி, அதுக்கு ஸ்டிக்கர் எதுக்கு?”

இருபத்திரண்டு வருடமாக ஸ்டிக்கர் ஒட்டாத மெஷினை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

கம்பெனிகள் கழித்துக்கட்டும் பழைய கணினிகளை வாங்கி, உள்ளே இருப்பதைத் தடம் தெரியாமல் அழித்து, மறுபடி விற்கும் இடத்தில் அவருக்கு வேலை. அழிப்பது மட்டும்தான் வேலை. அங்கே எல்லோரும் அவரை ரப்பர் அண்ணன் என்பார்கள். ஒரு தடவை முழுக்கப் பூஜ்யம், ஒரு தடவை முழுக்க ஒன்று, மூன்றாவது தடவை கன்னாபின்னாவென்று எதையாவது எழுதிவிடுவார். பிறகு பக்கத்து மேசைப் பெண் கொடுத்த மீட்பு மென்பொருளை ஓடவிட்டு, தன் வேலையைத் தானே சோதிப்பார். கிடைத்தது பூஜ்யம் என்று திரையில் வந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

அந்தப் பெண்ணுக்கு நேர் எதிர் வேலை. தொலைந்து போனதைத் தோண்டி எடுப்பாள். “நீங்க புதைங்க, நான் எழுப்பறேன்” என்று கேலி செய்வாள். ஆனால் அவர் புதைத்த எதையும் அவள் எழுப்பியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

வீட்டிலும் இதே பேச்சுதான். சாப்பிட உட்கார்ந்தால் மனைவிக்கும் மகளுக்கும் பாடம் நடக்கும். “ஜனங்க கம்ப்யூட்டர்ல குப்பைத் தொட்டியில போட்டுட்டா போயிடுச்சுன்னு நெனைக்கிறாங்க. போகவே போகாது. மத்ததெல்லாம் போனாலும் குப்பையில போட்டது அப்படியே கெடக்கும்.” அடுத்த பாடம் நாகரிகம் பற்றியது. மெஷினைத் துடைத்து அழிக்க வருகிறவன் அதன் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்க்கக் கூடாது. வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவர் சொல்லும் முதல் விதி அதுதான். “வேணாம்னு ஒருத்தர் தூக்கிப் போட்டதை இன்னொருத்தர் கிளறினா அது திருட்டைவிடக் கேவலம்.”

“பெரிய துறவி” என்பாள் மனைவி, வாயில் குண்டூசிகளோடு. வீட்டிலேயே துணி திருத்திக் கொடுக்கிறவள். தையல் மெஷினின் சத்தத்துக்கு மேலே அவள் சத்தம் கேட்கும். குண்டூசி வாயில் இருந்தாலும் பேச்சு நிற்காது. “கொஞ்ச நேரம் வாயை மூடேன்” என்று அவர் சொல்லாத நாள் இல்லை. நாலு மாதத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் சுவர்க்கடிகாரம் ஓடுவது கேட்க ஆரம்பித்தது. தான் சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். 

அதன் பிறகு ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவாள், உள்ளங்கையால் அழிப்பாள், மறுபடி எழுதுவாள். எழுத்திலும் அதே வேகம்தான். போன வாரம் மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து எழுதினாள்: ‘என் கம்ப்யூட்டரைப் பாப்பா கையில குடுத்துடுங்க.’

அவர் அன்றே வேலையில் இறங்கினார். கழுவாத டம்ளரில் யாருக்காவது தண்ணீர் கொடுப்பார்களா? வாடிக்கையாளர்களின் அளவுகள், போட்டோக்கள், கடிதங்கள் என்று ஒன்றுவிடாமல் வேறு டிஸ்கில் நகல் எடுத்தார். குப்பைத் தொட்டியில் ஏதோ கிடப்பது திரையின் மூலையில் தெரிந்தது. அதை அவர் திறக்கவில்லை. மூன்று தடவை துடைத்து, புதிதாக எல்லாம் ஏற்றி, சோதித்துப் பார்த்தார். பூஜ்யம் வந்தது. அவளிடம் சொல்லி ஒரு வார்த்தை பாராட்டு வாங்கலாம் என்றுகூட நினைத்தார். அவளுக்கு மூச்சுத் திணறல் கூடிவிட்டதால் சொல்லாமல் விட்டுவிட்டார்.

நேற்றுக் காலையில் அவள் முகம் கொஞ்சம் தெளிவாக இருந்தது. பலகையைக் கேட்டு வாங்கி எழுதினாள்: ‘குப்பையப் பாத்தீங்களா?’

“அதெல்லாம் திங்கக்கிழமையே வண்டிக்காரன் வந்து அள்ளிட்டுப் போயிட்டான். வாளியைக் கழுவிக் கவுத்து வெச்சிருக்கேன். வீட்டை நெனைச்சு நீ கவலைப்படாதே” என்றார்.

அவள் சிரித்தாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது; அவரும் கூடச் சிரித்தார். பிறகு தலையை ஆட்டி, உள்ளங்கையால் பலகையைத் துடைத்து, இரண்டு வார்த்தை எழுதினாள்: ‘அது இல்ல.’

“பின்ன எது?”

அதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள். “அம்மா, கையைக் குடுங்க, மருந்து போடணும்.” பேனாவை வாங்கி மேசையில் வைத்தாள். மருந்து ஏறியதும் மனைவியின் கண் செருகியது. எழுந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். மாலை நாலு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

*

மகள் வந்தாள். வண்டி வந்தது. யார் யாரோ அவர் கையைப் பிடித்தார்கள், என்னென்னவோ சொன்னார்கள். எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மணி இரண்டு. அக்கா கூடத்தைக் கழுவிவிட்டுக் கொண்டிருந்தாள். அப்பாவும் மகளும் அறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் எழுந்து, இரண்டு கையாலும் மடிக்கணினியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“அம்மா உனக்குக் குடுக்கச் சொன்னா.”

அவள் அதை மடியில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். காலையிலிருந்து அவள் அழவே இல்லை. “தெரியும்பா. அம்மா எனக்கு எழுதியிருந்தாங்க. நீங்களும் பக்கத்துல உக்காருங்க. ரெண்டு பேரும் சேர்ந்துதான் கேக்கணுமாம்.”

“என்னத்தைக் கேக்கணும்?”

அவள் மெஷினைத் திறந்தாள். எதையோ தேடினாள். புருவம் சுருங்கியது.

“அப்பா, குப்பைத் தொட்டி காலியா இருக்கே.”

அவர் குனிந்து திரையைப் பார்த்தார்.

மகள் கைபேசியை எடுத்து அவரிடம் கொடுத்தாள். மனைவி இரண்டு வாரத்துக்கு முன் அனுப்பிய செய்தி.

‘பாப்பா, ஆபரேஷனுக்கு முன்னாடி பதினோரு தடவை பேசிப் பதிவு பண்ணி வெச்சிருக்கேன். பத்து உனக்கு, ஒண்ணு உங்கப்பாவுக்கு. என் கம்ப்யூட்டர்ல குப்பைத் தொட்டியில கெடக்கு. அவர்தான் தெனமும் சொல்வாரே, குப்பையில போட்டது போகவே போகாதுன்னு. அடுத்தவங்க குப்பையை அவர் தொடவும் மாட்டார். அதைவிடப் பத்திரமான இடம் எது சொல்லு? இப்ப அவர்கிட்ட சொல்லாதே, ஒடைஞ்சுடுவார். நான் போனப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து கேளுங்க. அவரைத் தனியாக் கேக்க விட்டுடாதே.’

அவர் இரண்டு தடவை படித்தார். வீட்டு மெஷினையும் அவர் துடைப்பார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வெளியே வாளி நகரும் சத்தம் கேட்டது.

“துடைச்சுட்டேன்மா” என்றார்.

“அப்படின்னா?”

“அழிச்சுட்டேன். எல்லாத்தையும். உனக்குக் குடுக்கிறதாச்சே, சுத்தமாக் குடுக்கணும்னு.” கைபேசியை அவளிடம் திருப்பி நீட்டினார். “மூணு தடவை.”

மகள் அவரையே பார்த்தாள். கோபப்பட்டால்கூடத் தேவலாம் என்று இருந்தது அவருக்கு. அவள் குரல் எழும்பவே இல்லை.

“ஊர்ல இருக்கிற எல்லார் குப்பையையும் மதிச்சீங்க. அம்மாவோடதை ஒரே ஒரு தடவை திறந்து பாத்திருக்கக் கூடாதாப்பா?”

“அவளோடதுங்கிறதாலதான்மா திறக்கல.”

அப்போதுதான் அவள் அழுதாள். மடியில் இருந்த மெஷின் மேலேயே கவிழ்ந்து அழுதாள். மனைவியின் குரல் எதிலாவது இருக்குமா என்று பழைய வீடியோக்களையெல்லாம் அவர் நினைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் எடுத்தவள் அவள்தான். படம் எடுக்கும்போது மட்டும் மூச்சுவிடாமல் நிற்பாள், சத்தம் விழுந்துவிடும் என்று. இத்தனை வருடம் வாய் ஓயாமல் பேசியவளின் குரல் இந்த வீட்டில் ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை.

அவர் பக்கத்து மேசைப் பெண்ணைக் கைபேசியில் கூப்பிட்டார். காலையில் வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போயிருந்தாள். 

“ஒரு மெஷின். ஒலிப்பதிவு பதினொண்ணு. எடுக்க முடியுமா?”

“எடுத்துடலாம்ணே. யாரு அழிச்சது?”

“நான்தான்.”

“எத்தனை தடவை?”

“மூணும்.”

“நீங்க துடைச்சதுன்னா வராதுண்ணே. உங்களுக்குத் தெரியாததா? உங்க கையில இருந்து நான் ஒரு எழுத்துகூட எடுத்ததில்லையே.” இத்தனை வருடமாக அவர் கேட்கக் காத்திருந்த பாராட்டு அது. அவள் குரல் சட்டென்று தாழ்ந்தது. “அண்ணே, யாரோட மெஷின்?”

அவர் சொல்வதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது அவள் மூச்சில் தெரிந்தது. 

“கொண்டு வாங்க, பாப்போம்” என்றாள். தொலைத்துவிட்டு வந்து நிற்பவர்களிடம் பொய் நம்பிக்கை கொடுக்கவே கூடாது என்று சொல்கிறவள்.

அவர் அலுவலகப் பையைத் துழாவி மீட்பு மென்பொருள் இருந்த பென்டிரைவை எடுத்தார். மகள் மடியிலிருந்து மெஷினை மெதுவாக வாங்கி மேசையில் வைத்துச் செருகினார். ஒலிப்பதிவுகளை மட்டும் தேடச் சொன்னார். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“வருமாப்பா?”

“தேடுது.”

பாதி தூரம் போயிற்று. ஒன்றும் இல்லை. முக்கால்வாசி போயிற்று. ஒன்றாவது வரட்டும் என்று இருந்தது அவருக்கு. முழுதாக வேண்டாம், ஒரு இருமல், ஒரு குண்டூசி கீழே விழும் சத்தம் போதும். மகளுடைய பத்தும் வர வேண்டாம், தனக்கான ஒன்றும் வர வேண்டாம், எதிலிருந்தாவது ஒரு துண்டு வந்தால் போதும். கோடு கடைசிக்கு வந்து நின்றது.

கிடைத்தவை: 0.

அறைக்குள் அக்கா வந்தாள். மருத்துவமனைப் பையைப் பிரித்து, துண்டு, சீப்பு, கண்ணாடி என்று ஒவ்வொன்றாக அலமாரியில் வைத்தாள். கடைசியில் வெள்ளைப் பலகை வந்தது. இங்கே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. பலகையை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள்.

“‘அது இல்ல’ன்னு எழுதியிருக்கா. எது இல்ல தம்பி?”

அவள் கையில் ஈரத்துணி இருந்தது. அவர் எழுந்து போய்ப் பலகையை வாங்கிக்கொண்டார். எழுத்தில் கை பட்டுவிடாமல் ஓரத்தைப் பிடித்து, மேசையில் திரைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். எழுத்துக்குப் பின்னால் அவள் உள்ளங்கை இழுத்த கறுப்புத் தடம் அப்படியே இருந்தது.

பிறகு உட்கார்ந்து, ‘மறுபடி தேடு’ என்பதை அழுத்தினார். மகள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திக்கொண்டாள்.