முதுகுப் பக்கத்து பட்டன்

அக்கா புருஷனுக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்ததும் ஊரே உச்சுக்கொட்டியது. நான் கொட்டவில்லை. அந்தக் கையிடம் அக்கா வாங்கியது எனக்குத் தெரியும். இன்றுவரை அவளுக்கு ஒரு காது கேட்காது.

விழுந்த கைகளுக்கு அளவெடுத்து இயந்திர உறை செய்வது என் தொழில். தோலில் ஒட்டும் பட்டைகள் தசையின் முறுக்கைப் படிக்கும். லேசாக முறுக்கினால் போதும், மோட்டார் கையைத் தூக்கிவிடும். மச்சினி இருக்கும்போது வெளியே போவானேன் என்று என்னிடமே வந்து உட்கார்ந்தார் மாமா. என் தலையெழுத்து.

மாவு பூசி அவர் கைக்கு அச்செடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா என்னைத் தனியே இழுத்தாள். சாப்பிடவும் சட்டை மாட்டவும் முடிந்தால் போதும், அதற்கு மேல் அந்தக் கை எழும்ப வேண்டாம் என்றாள். உறையின் தோள் மூட்டில் ஒரு தடுப்பு ஆணி வைத்தேன். நெஞ்சுக்கு மேல் கை ஏறாது. அவர் எலும்புக்கும் அதுதான் காவல். எலும்பு எதுவரை தாங்கும் என்று மோட்டாருக்கு என்ன தெரியும்?

நிறுத்தும் பட்டனை எல்லோருக்கும் நெஞ்சில்தான் வைப்பேன், இன்னொரு கைக்கு எட்டும். மாமா முகத்தைச் சுளித்தார். சட்டைக்கு மேல் புடைத்துத் தெரியுமாம்.

"பின்னாடி வை. அவ எதுக்கு இருக்கா? அவ அழுத்துவா."

எவ்வளவோ சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. கடைசியில் முதுகுப் பக்கம் வைத்தேன். தினமும் உறையைக் கழற்றும்போது அக்காதான் அதை அழுத்துவாள்.

ஒரு நாள் பட்டை மாற்றப் போனேன். கதவைத் திறந்த அக்காவின் உதடு கிழிந்து தொங்கியது. தாடையெல்லாம் ரத்தம். காபி ஆறிப்போயிருந்ததாம். உள்ளே மேசைமேல் ஸ்க்ரூடிரைவரும், அதன் பக்கத்தில் என் தடுப்பு ஆணியும் கிடந்தன.

எனக்கு ரத்தம் கொதித்தது. கட்டையில் போகிறவனே என்று ஆரம்பித்து, வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் என்னை அடிக்க முழு மூச்சில் கையை ஓங்கினார்.

கை ஏறியது. உச்சிக்குப் போயும் நிற்காமல் பின்னால் சாய்ந்தது. தோள் கழன்ற சத்தம் கேட்டது. வலியில் தசை முறுக்கியது, முறுக்க முறுக்க மோட்டார் இன்னும் இழுத்தது. முழங்கைக்கு மேலே சதையைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்தது. மண்டியிட்டு விழுந்தவர் இடது கையால் முதுகைத் துழாவினார். எட்டவில்லை.

"அழுத்துடி! பட்டனை அழுத்துடி!"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். அக்கா அவருக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நின்றாள். உடைந்த பல்லை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"எந்த பட்டன்டி?"

"தெரியலையேக்கா," என்றேன். "மெதுவா தேடுவோம்."