ஒரே ஹெல்மெட்

எங்கள் திண்டுக்கல் கார் கிளப்பில் இருந்தது ஒரே ஒரு ஹெல்மெட். அது இல்லாமல் யாரும் பந்தயத்தில் ஓட்டக் கூடாது என்பது பந்தயத்துக்கு அனுமதி தரும் மதராஸ் கிளப்காரர்கள் போட்ட விதி. போலீஸ் சில மணி நேரம் மூடிக் கொடுத்த ரெட்டியார்சத்திரம் ரோட்டில் ஒவ்வொரு காராக விட்டார்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போன ஆண்டிச்சாமி திரும்பவில்லை. அடுத்து ஓட்ட வேண்டிய பொம்மையன், வருஷம் முழுக்க லாரி ஷெட்டில் ஒட்டுப்போட்டுத் தேற்றிய காரோடு வெயிலில் நின்றான்.

“சார், தலையில துண்டக் கட்டிக்கிட்டு ஓட்டுறேன்.”

“துண்டுக்கு விதியில எடமில்லப்பா,” என்றார் கிளப் செயலாளர்.

போலீஸ் கொடுத்த நேரம் முடிந்து, மாட்டு வண்டிகளை ரோட்டில் விட்ட பிறகுதான் ஆண்டிச்சாமி நடந்து வந்தார். கையிலிருந்த ஹெல்மெட்டில் தண்ணீர் சொட்டியது.

“ரேடியேட்டர் கொதிச்சிருச்சு. கெணத்துல இதுலதான் மொண்டு மொண்டு ஊத்துனேன். அம்புட்டும் ரேடியேட்டர் ஓட்டையில ஒழுகிருச்சு.”

பொம்மையன் ஈர ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் ஹாரன் அடித்தபடியே வீட்டுக்கு ஓட்டிப்போனான்.