கறைக் கண்ணாடி

1
மாண்புமிகு வாசகர்களுக்கு ஓர் அறிவிப்பு: வண்ணக் கண்ணாடிக் கலையின் வரலாறு முழுதும் இதோ இந்தப் பக்கத்தில் அரங்கேறுகிறது.

(உண்மையில் இந்தக் கதை ஓர் ஒட்டுச்சீட்டிலிருந்து பிறந்தது.)

2
"ஆதியில் ஒளி இருந்தது. அது கண்ணாடியைத் தேடி..." வேண்டாம். ஒளி யாரையும் தேடுவதில்லை.

மறுபடி: கண்ணாடிக் குழம்பில் செம்பைக் கலந்தால் சிவப்பு, கோபால்ட்டைக் கலந்தால் நீலம். பிற்காலத்தில் யாரோ வெள்ளி உப்பைத் தடவிச் சூளையில் வைக்க, மஞ்சள் கறை ஏறியது. ஆங்கிலத்தில் மொத்தக் கலைக்கும் அந்தக் கறையின் பேரே (ஸ்டெயின்டு கிளாஸ்) நிலைத்துவிட்டது. அதைத் தமிழிலும் 'கறைக் கண்ணாடி' என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் ஒரு மொழிபெயர்ப்பாளர். இந்தக் கதையின் நாயகியான கண்ணாடி ஓவியக்காரியின் கணவர்.

3
கண்ணாடிப் பட்டறையில் அவளுக்குத் தீட்டக் கிடைத்தவை வருடக்கணக்காக இலைகளும் ஆடை மடிப்புகளும்தான். முகங்கள் மேஸ்திரிக்கு. புது நூலகத்தின் ஜன்னலில்தான் முதல்முறையாக ஒரு முகம் அவளுக்குக் கிடைத்தது. வீட்டில் தீட்டி, உலர வைத்துவிட்டு, சூளையைப் பற்றவைக்கப் பின்பக்கம் போனாள். (கண்ணாடியில் முகம் தீட்டும் கரும்பூச்சு, சூளையில் சுடும்வரை வெறும் தூள். ஈரத்துணி பட்டால் போச்சு.) கணவர் கடமை தவறாமல் பக்கத்தில் சீட்டு ஒட்டினார்: கறைக் கண்ணாடி.

அவள் திரும்பியபோது மாமனார் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"கறைன்னு எழுதியிருந்துச்சேம்மா. தேய்ச்சு எடுத்துட்டேன். மூக்குப் பக்கம்தான் கொஞ்சம் முரண்டு புடிச்சுது."

"மாமா, அது மூஞ்சி."

"யாரு மூஞ்சி?"

"இப்ப யாரோடதும் இல்ல."

கணவர் தொண்டையைச் செருமினார். "அப்பா, கறைங்கறது இங்க ஒரு கலைச்சொல்."

"அப்ப அதையும் சேத்து எழுதணும்டா, அறிவாளி!"

"ரெண்டு பேரும் வெளிய போங்க," என்றாள் அவள். "நாளைக்கு நூலகத் திறப்பு விழா. என் மூஞ்சி வரலேன்னா மேஸ்திரி ஒண்ணு தயாரா வெச்சிருக்கார்."

4
அவள் தூரிகையை எடுத்துவிட்டாள். தயங்குவது நான்தான்.

அ) மறுபடி தீட்டுகிறாள். கை நடுங்குகிறது, அந்த நடுக்கமே முகத்துக்கு உயிர்... சீ, எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஆ) வெற்றுக் கண்ணாடியே ஜன்னலில் ஏறுகிறது. கணவர் மேடையில் 'இன்மையின் அழகியல்' என்று பேசுகிறார். (பேசிவிடுவார், அதுதான் பயம்.)

இ) மேஸ்திரியின் முகம். அவளுக்கு மறுபடி இலைகள். இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் சரிதான். விழாவை இருட்டிய பிறகு வைத்திருந்தார்கள். வெளியே வெளிச்சம் இல்லாததால், உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஜன்னல் முழுக்கக் கறுப்பாகத் தெரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.