இன்னிக்கி எத்தினி பேரு கை காட்னாங்க?

1

இந்தக் கதைக்கு ஆதாரம் ஒரே ஒரு கையசைப்புதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2019இல் ஒருநாள், திருப்பதியிலிருந்து சென்னை வரும் பேருந்தில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வடமாலபேட்டை தாண்டியதும் எதிரில் ஒரு பழைய ஷேர் ஆட்டோ வந்தது. பகல் பதினோரு மணி, மண்டையைப் பிளக்கிற வெயில். அந்த வெயிலில் ஆட்டோவின் முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நம் ஊரில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கையைத் தூக்கி விரல்களை மூடி மூடித் திறந்தேன். லைட் எரிகிறது, அணையப்பா என்று அர்த்தம். இதற்குப் பெரும்பாலும் அசட்டுச் சிரிப்புதான் பதில். சிலர் நம்மைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள். இந்த ஆள் ஒரு கையை நெஞ்சில் வைத்து, முகமெல்லாம் மலர்ந்து, தலையை ஆட்டினார். விளக்கை அணைக்கவில்லை.

ஏன் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்? எனக்குத் தெரியாது. பேருந்து நிற்காமல் வந்துவிட்டது. கேட்டிருந்தால் கதை எழுத வேண்டியிருந்திருக்காது.

2

"சூரியன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த வேளையில் முனிகிருஷ்ணனின்..."

வேண்டாம். சூரியனில் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

"மனித வாழ்வில் ஒளி என்பது..."

இது அதைவிட மோசம். நேராகவே சொல்லிவிடுகிறேன். அவருக்கு முனிகிருஷ்ணன் என்று பெயர் வைத்திருக்கிறேன். வயது ஐம்பத்து நான்கு. புத்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே இருபது வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள் தேன்மொழி. வரதய்யபாளையம் பக்கம் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில், வெளிநாட்டுக் கார்களுக்கான ஒயர் கட்டும் வேலை அவளுக்கு. பகலிலும் எரிகிற விளக்குக்குப் போகும் ஒயர்களைத் தினமும் நூற்றுக்கணக்கில் கட்டுவாள். அப்படி எரிகிற வண்டி ஒன்றைத் தன் ஊர் ரோட்டில் அவள் பார்த்ததே இல்லை.

2014இல் ஒரு நண்பகல். தேன்மொழி பின் சீட்டில் இருக்கிறாள். புளியமர நிழலுக்குள் ஆட்டோ போகும்போது, எதிரில் லாரியை முந்திக்கொண்டு ஒரு பஸ் நேராக வந்தது. முனிகிருஷ்ணன் ஆட்டோவைப் பள்ளத்தில் இறக்கித் தப்பினார். அவர் முழங்கையில் தோல் பெயர்ந்தது, அவ்வளவுதான். பஸ் டிரைவர் இறங்கி ஓடிவந்து சொன்னார்: "நெழல்ல வண்டி வர்றதே தெரியல அண்ணா."

மறுவாரமே தேன்மொழி இரண்டு எல்இடி பட்டைகளை வாங்கிவந்து, வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் கையாலேயே ஒயர் இழுத்து மாட்டினாள். சாவி திருகினால் விளக்கு தானாக எரியும். அணைக்க சுவிட்சே வைக்கவில்லை. அப்பாவை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

3

(இந்த இடத்தில் ஒரு மோதல் வேண்டும் என்பார்கள். மோதல் இருந்தது, ஊரோடு.)

கை காட்டாத ஆளில்லை. பால்காரர், போலீஸ்காரர், எதிரில் வந்த கல்யாண கோஷ்டி வேன் முழுக்க. முதல் வாரத்திலேயே முனிகிருஷ்ணன் நொந்துபோனார்.

"மானம் போவுதும்மா. லைட்டு அணைக்கக்கூடத் தெரியாதவன்னு நெனச்சிக்கினு இருக்காங்க."

"அப்டின்னா உன்ன பாத்துட்டாங்கன்னு அர்த்தம் நைனா. இன்னிக்கி எத்தினி பேரு?"

"அம்பது இருக்கும்."

"அம்பது பேரும் உன்மேல மோத மாட்டாங்க."

2016இல் கம்பெனி அவளை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஹங்கேரிக்கு அனுப்பியது. லைட் எரியாமல் வண்டி எடுக்கமாட்டேன் என்று சாமி படத்துக்கு முன்னால் அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறினாள். அங்கே எல்லாக் கார்களிலும் பகலில் விளக்கு எரிகிறதாம். யாரும் யாருக்கும் கை காட்டுவதில்லையாம். "ஒரே போர் நைனா" என்றாள். தினமும் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கூப்பிடுவாள். துன்னியா என்று கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பாள்: "இன்னிக்கி எத்தினி பேரு?"

நாற்பது. முப்பத்தைந்து. அவர் ஒழுங்காக எண்ணிச் சொன்னார்.

4

பிறகு எண்ணிக்கை இறங்கியது. 2017க்குப் பின் வந்த புது பைக்குகளில் எல்லாம் ஹெட்லைட் பகலிலும் தானாக எரிய ஆரம்பித்துவிட்டது. ஜனங்களுக்குப் பழகிவிட்டது. பத்து. நான்கு. கடைசியில் ஒருவரும் இல்லை.

அது போகட்டும். ஆனால் ஸ்டாண்டில் ஜெயச்சந்திரன் என்ற சக டிரைவர் ஒரு வார்த்தை விட்டார்: "நேத்து எதுருல வந்தேன், உன் லைட்டு எரியலயே மாமா."

முனிகிருஷ்ணன் இறங்கிப் பார்த்தார். எரிந்தது. மெக்கானிக் சுரேஷ்பாபு குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்கியோ லூசு அண்ணா. நின்னா எரியும், ஓடுனா எப்ப எரியும் எப்ப அணையும்னு சொல்ல முடியாது. இத்த கத்திரிச்சிட்டு புது ஒயர் போட்டுடலாம்."

"கத்திரிக்காத. என் பொண்ணு கட்டுனது."

(வாசகரே, உங்களுக்கு வரும் எரிச்சல் எனக்கும் வந்தது. ஒயரை மாற்றித் தொலையும் ஐயா என்று மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.)

ஓட்டுகிறவருக்குத் தன் வண்டி விளக்கு பகலில் தெரியாது. எதிரில் வருகிறவன்தான் சொல்ல வேண்டும். இத்தனை நாள் மானம் போகிறது என்று அவர் திட்டிக்கொண்டிருந்த கைகள்தான், மகளுக்குச் செய்த சத்தியம் நிற்கிறது என்பதற்கு ஒரே சாட்சி. இப்போது அந்தக் கைகள் வரவில்லை. அணைந்துவிட்டதா, பழகிவிட்டதா? வருகிற ஒவ்வொரு முகத்தையும் ஏக்கமாகப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

தேன்மொழி கேட்டபோது "பத்து" என்றார். மறுநாள் "பன்னெண்டு". பதினோரு நாள் பொய் சொன்னார். பன்னிரண்டாம் நாள் காலையில் அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது: "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க நைனா. நாளைக்கி சொல்லணும். நீ லைட்டு போட்டுக்கினு ஓட்றன்னுதான் நான் இங்க தூங்குறேன்."

5

முடிவுகள்.

அ) புளியமரம், நண்பகல், இன்னொரு பஸ். இதை எழுதினேன், நன்றாகவும் வந்தது. கிழித்துவிட்டேன். ஒரு கதை நன்றாக வர வேண்டும் என்பதற்காக இவரைக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆ) தேன்மொழி சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்து, வாசலில் உட்கார்ந்து, ஒயரைத் தானே சரிசெய்கிறாள். எனக்கு ரொம்ப ஆசைதான். ஆனால் லீவு கிடைக்க வேண்டுமே.

இ) அந்தப் பன்னிரண்டாம் நாள், பதினோரு மணிக்கு, வடமாலபேட்டை தாண்டி எதிரில் ஒரு பேருந்து வருகிறது. டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் விவரம் கெட்ட ஒரு ஆள் கையைத் தூக்கி விரல்களை மூடித் திறக்கிறான்.

சாயங்காலம் போன் வந்தது.

"இன்னிக்கி எத்தினி பேரு நைனா?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதாம்மா. பஸ்ல குந்திக்கினு இருந்தாரு. நல்லா காட்னாரு." பிறகு அவரே சொன்னார்: "இது நெசம். பதினோரு நாளா சொன்னது நெசமில்ல."

அதற்கு அவள் என்ன சொன்னாள், ஹங்கேரியில் இருந்தாளா, வந்தாளா என்பதை எழுத மாட்டேன். அந்த ஒன்றுக்கு மேல் அவர் கணக்கில் சேர்க்க எனக்கு வழியில்லை. நான் சென்னைக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் அந்த ரோட்டில் போவீர்கள். பட்டப்பகலில் விளக்கு எரியும் பழைய ஆட்டோ ஒன்று எதிரில் வந்தால், பழகிப்போச்சு என்று சும்மா இருந்துவிடாதீர்கள். கையைத் தூக்குங்கள்.