பச்சைப் பெட்டிக்குச் சேர வேண்டிய சீட்டுகள்

சவுரிராயனுக்கு ஓட்டு வந்ததே ஒரு வினையாகத்தான் வந்தது.

விழுப்புரத்தில் சுப்பராயலு முதலாளியின் வேர்க்கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லில் அவனுக்கு மூட்டை எடை பார்க்கும் வேலை. பகலெல்லாம் தராசு. பொழுது சாய்ந்ததும் கோயில் பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்பு. அந்த வருஷம், முப்பத்தேழில், சட்டசபைத் தேர்தல் வந்தது. வீட்டு வரி கட்டுகிறவர்களுக்கும், பட்டாளத்தில் செத்தவனின் பெண்சாதிக்கும், எழுதப் படிக்கத் தெரியும் என்று மெய்ப்பித்தவர்களுக்கும் ஓட்டு உண்டு என்றார்கள். வகுப்பு வாத்தியார் தெய்வசிகாமணி அவனைத் தாலூகா ஆபீசுக்கு அழைத்துப் போனார். குமாஸ்தா நீட்டிய தாளைச் சவுரி வாசித்தான். தப்பாக வாசித்திருப்போமோ என்ற சந்தேகத்தில் மறுபடியும் வாசித்தான். "ஒரு தடவ போதும்டா, மோட்சத்துக்கா சீட்டு குடுக்கறேன்" என்று குமாஸ்தா சிரித்துக்கொண்டே பெயரை எழுதிக்கொண்டார். அன்றைக்கு அம்மா சின்னபொண்ணு கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

மாசி பிறந்ததும் மேஸ்திரி பெரியதம்பி ஓட்டுள்ள ஆட்களை மட்டும் மில்லுக்குப் பின்னால் கூட்டினார். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைத்திருப்பார்கள். சீட்டில் எந்தக் குறியும் போட வேண்டாம். வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டால் போதும். காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. முதலாளியின் மைத்துனர் ராஜாங்கம், திண்டிவனத்தில் அரிசி மில் வைத்திருப்பவர், தனியாக நின்றார். அவருக்குப் பச்சை.

"நீங்க யாரும் பெட்டியில போட வேணாம்" என்றார் மேஸ்திரி. "சீட்ட வாங்கிக்கினு உள்ள போங்க. மடிச்சு இடுப்புல சொருவிக்கினு வெளிய வாங்க. மாட்டுப் பவுண்டு சுவராண்ட நான் நிப்பேன். எங்கையில குடுத்துட்டுப் போய்க்கினே இருங்க. எனக்கும் ஓட்டு இருக்குது. கடசியா நான் உள்ள போய் எல்லாத்தையும் பச்சையில போட்டுர்றேன்."

"அப்ப எங்களுக்கு எதுக்கு மேஸ்திரி ஓட்டு?" என்றாள் ஜெயம்மாள். புடைக்கிற வேலைக்கு வருகிறவள். அவள் புருஷன் முதல் உலகச் சண்டையில் பசராவுக்குப் போய்த் திரும்பாத சிப்பாய். "சர்க்காரு மொத்தமா உனக்கே எழுதிக் குடுத்துருக்கலாமே?"

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. சீட்டு குடுக்காத ஆளு மறுநாளு சட்டி பானையத் தூக்கிக்கினு லைன் வீட்ட விட்டு வெளிய போவணும். மொதலாளி சொல்லச் சொன்னாரு. அப்பவும் இதே மாதிரி சிரிச்சிக்கினே போங்க."

சிரிப்பு நின்றது. மில்லுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகள் முதலாளியுடையவை. அதில் கடைசி வீட்டில்தான் சவுரியும் அம்மாவும் இருந்தார்கள். அம்மாவுக்கு யானைக்கால். வாசல் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாள். அதற்கு மேல் முடியாது. அவளை எந்தத் தெருவில் உட்கார வைப்பது? யார் இடம் கொடுப்பார்கள்? இந்த இரண்டு கேள்விகளையும் சவுரி தராசடியில் நின்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டான். சோறு இறங்கவில்லை.

சீட்டைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்வான். உடனே தாலூகா ஆபீஸ் ஞாபகம் வரும். அந்த ஓட்டு வரி கட்டி வந்ததல்ல, வாசித்துச் சம்பாதித்தது. "உள்ளே நீயும் பெட்டியும்தான், வேறு யாரும் கிடையாது" என்று வாத்தியார் சொல்லியிருந்தார். வாத்தியாருக்கு லைன் வீடு இல்லை.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. ஓட்டுச் சீட்டு எப்படி இருக்கும் என்று வாத்தியாரிடம் பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டான். ஏறக்குறைய தபால் கார்டு அகலம், வெள்ளைத் தாள். கடையில் ஒரு தாள் வாங்கி அந்த அளவுக்கு வெட்டி, நான்காக மடித்து வைத்தான். சரியாக வரவில்லையோ என்று இன்னொன்றும் வெட்டினான். உண்மைச் சீட்டை மஞ்சள் பெட்டியில் போட்டுவிட்டு, இதை மேஸ்திரியிடம் கொடுத்துவிடலாம். ஒரே ஒரு தாள்தானே, கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும். இருந்தாலும் பயம் தனியாகச் சுமக்க முடியாததாக இருந்தது. ஜெயம்மாளிடம் மட்டும் சொன்னான்.

"யாராண்டயும் சொல்லிடாத அத்தே."

"எனக்கு வேற வேல இல்ல பாரு" என்றாள் அவள்.

ஓட்டுப் போடும் நாள் அன்று பள்ளிக்கூட வாசலில் ஒரே வண்டிக் கூட்டம். திருவாமாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டுக் கட்டுச்சோறு பிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மேஜைக்குப் பக்கத்தில் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் அடையாளம் சொன்னார். சவுரியின் முறை வந்தபோது அவர் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்கிறவர் அவர். இவன் அவன் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று சவுரி அவர் வாயையே பார்த்தான்.

"சின்னபொண்ணு மவன். சரியான ஆளுதான்" என்றார் கர்ணம்.

ஆபீசர் சீட்டைக் கிழித்து, அதன் முதுகில் ரப்பர் முத்திரையை ஓங்கிக் குத்தி நீட்டினார்.

ஊதா நிறத்தில் வட்ட முத்திரை. மை இன்னும் காயவில்லை. சவுரி அதைப் பார்த்தபடியே நின்றான். இடுப்பில் இருக்கும் தாளுக்கு முத்திரை ஏது? அளவெடுத்தோம், மடிப்பைப் பார்த்தோம், நிறத்தைப் பார்த்தோம், இது எப்படி விட்டுப்போனது?

"போப்பா, ஜல்தி."

சாக்குப் படுதாவுக்குப் பின்னால் பெட்டிகள் வரிசையாக இருந்தன. மஞ்சள், பச்சை, இன்னும் ஏதோ நிறங்கள். வாத்தியார் சொன்னது சரிதான், அங்கே அவனும் பெட்டிகளும்தான். ஆனால் அவன் கண்ணுக்கு அம்மாவின் கால்தான் தெரிந்தது. முத்திரைச் சீட்டை மடித்து இடுப்பு வரைக்கும் கொண்டுபோனான். கை அங்கே நிற்கவில்லை. அவனை மீறி மேலே வந்து மஞ்சள் பெட்டியின் வாயில் சீட்டை வைத்தது. வாய் மிகவும் சன்னம். சீட்டு மாட்டிக்கொண்டு உள்ளே போக மறுத்தது. விரலால் குத்தித் தள்ளினான். விழுந்த சத்தம் கேட்கவில்லை. வெளியே இன்னொருவன் இருமினான். இடுப்பிலிருந்த வெறுந்தாள் வேர்வையில் நனைந்திருந்தது.

திரிகிற மாடுகளை அடைக்கும் பவுண்டின் சுவரருகே மேஸ்திரி துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றார். எட்டினாற்போல் ஒரு போலீஸ்காரர் புகையிலை போட்டுக்கொண்டிருந்தார். சவுரி தாளை நீட்டினான். மேஸ்திரி அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. பார்வை போலீஸ்காரர் மேலேயே இருந்தது. தாள் துண்டுக்குள்ளிருந்த பைக்குள் போய்விட்டது. சவுரிக்கு மூச்சு வந்தது. நகரப் போனான்.

"டேய் சவுரி, எங்கடா போற? நீதான் இங்க படிச்சவன், எதையும் நறுவிசா செய்யறவன். இந்தா பை. சுவருக்கு அந்தாண்ட குந்தி, எல்லாச் சீட்டையும் பிரிச்சு ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கு. முத்திர மேல இருக்கணும். நான் இந்தப் போலீஸ்காரனப் பாத்துக்கறேன்."

சுவருக்கு அப்பால் சாணி நாற்றத்தில் உட்கார்ந்து சவுரி பையைத் திறந்தான். முதல் மடிப்பைப் பிரித்தான். பல்பொடிப் பொட்டலத் தாள்.

அவனுக்குப் புரியவில்லை. அடுத்ததைப் பிரித்தான். டூரிங் சினிமா நோட்டீஸ் பாதி. அடுத்தது மருந்துக்கடைத் தாள், காய்ச்சல் மருந்தின் வாசனையோடு. அதற்கடுத்தது சந்தைச் சுங்கச் சீட்டு. இன்னொன்றில் யாரோ நிறத்துக்காகச் சுண்ணாம்பு தடவியிருந்தார்கள். நடுவில் அவனுடைய தாள் ஒழுங்காக வெட்டப்பட்டு வெள்ளையாகக் கிடந்தது. அவன் ஒருவன் தப்பு செய்திருந்தால் கூட்டத்தில் மறைந்திருக்கும். இப்போது மறைய ஒரு கூட்டமே இல்லை.

அடியில் ஒரே ஒரு சீட்டில் மட்டும் ஊதா முத்திரை இருந்தது. மில்லில் மூட்டை தூக்கும் கிழவர் விருத்தாசலத்தின் மடிப்பு அது. அவர் எதையும் வெற்றிலை மடிக்கிற மாதிரிதான் மடிப்பார். பயந்தோ, சொன்ன வாக்குக்காகவோ அவர் உண்மைச் சீட்டையே கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

"ஆச்சாடா?"

"இதோங்க."

சவுரியின் விரல்கள் வேகமாக அடுக்கின. பல்பொடி அடியில், நோட்டீஸ் அதன்மேல், எல்லாவற்றுக்கும் மேலே விருத்தாசலத்தின் சீட்டு. வாழைநாரால் இறுக்கிக் கட்டினான். முத்திரை பளிச்சென்று தெரிந்தது. மேஸ்திரி எட்டிப் பார்த்து, "சபாஷ்" என்று சொல்லிக் கட்டைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் போனார்.

அவர் முதுகு வாசலுக்குள் மறைந்த பிறகுதான் சவுரிக்குப் பெட்டியின் வாய் ஞாபகம் வந்தது. கட்டாகப் போடவே முடியாது. நாரை அவிழ்த்து ஒவ்வொன்றாகத்தான் தள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் பார்ப்பார்.

ஓடிவிடலாமா என்று நினைத்தான். அம்மாவைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் ஓடுவது? சாலையோரத்தில் ஜெயம்மாள் மற்ற பெண்களோடு நிற்பது தெரிந்தது. அவளிடம் போனான்.

"யாராண்டயும் சொல்லாதன்னு சொன்னேனே அத்தே."

"நானும் எல்லாராண்டயும் யாருக்கும் சொல்லாதன்னுதான் சொன்னேன்."

"விருத்தாசலம் தாத்தாவுக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"அந்தாளுக்குக் காது டமாரம். கத்திச் சொன்னா திண்டிவனத்துல ராஜாங்கத்துக்கே கேக்கும். ஏன்டா உன் மூஞ்சி இப்டி இருக்குது?"

அவன் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மேஸ்திரி வெளியே வந்தார். உள்ளே போனபோது இருந்த முகம் இல்லை அது. சட்டை வயிற்றோடு ஒட்டி நனைந்திருந்தது, கட்டின் புடைப்பு இன்னும் அங்கேயே இருந்தது. போலீஸ்காரரைக் கடக்கும்போது அதன்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். கூடியிருந்த ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரும் அசையவில்லை.

"போட்டாச்சா மேஸ்திரி?" என்றாள் ஜெயம்மாள். குரல் மெதுவாக வந்தது.

"போட்டாச்சு" என்றார். "எல்லாம் வேலைக்குப் போங்க."

அதற்குப் பிறகு வந்த நாட்கள் சவுரிக்கு எடை தெரியாத நாட்களாகப் போயின. கல்லை வைத்து எடுத்ததும் எவ்வளவு என்பது மறந்துவிடும். ராத்திரி வாசலில் நாய் குரைத்தால் எழுந்து உட்காருவான். "இன்னாடா, இப்டித் தூங்காம பேஜாரு பண்ற?" என்று அம்மா கேட்பாள். ஒன்றுமில்லை என்பான். மாலை வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டான். மேஸ்திரி அவனிடம் நல்லதும் பேசவில்லை, கெட்டதும் பேசவில்லை. அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

கடலூரில் எண்ணி முடித்தார்கள். மஞ்சள் பெட்டிக்கு வெற்றி. பச்சை எங்கேயோ கீழே கிடந்தது. மறுநாள் முதலாளி மில்லுக்கு வந்தார். மூட்டை தூக்குகிறவர்கள் அப்படியே நின்றார்கள்.

"பெரியதம்பி."

"மொதலாளி."

"ஊரெல்லாம் போனது போவட்டும். நம்ம ஆளுங்க சீட்டு?"

மேஸ்திரியின் பார்வை ஒருமுறை தராசுப் பக்கம் வந்து போனது. சவுரி எடைக்கல்லைக் கையில் பிடித்தபடி நின்றான். கீழே வைத்தால் சத்தம் கேட்கும். இதோ சொல்லப் போகிறார், இந்த நிமிஷம் சொல்லப் போகிறார். அம்மாவுக்கு முதலில் பாயைச் சுருட்ட வேண்டும்.

"எல்லாத்தையும் எங்கையாலதான் மொதலாளி போட்டேன்" என்றார் மேஸ்திரி. "ஒண்ணுகூட வெளிய போவல."

முதலாளி அவரை உற்றுப் பார்த்தார். பிறகு "உம்" என்று சொல்லிவிட்டுக் கணக்கு அறைக்குள் போனார். லைன் வீடுகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

மேஸ்திரி நேராகத் தராசுக்கு வந்தார். ஆடிக்கொண்டிருந்த தட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"முத்திர வெச்ச ஒண்ணுதான் பச்சையில போச்சு. பல்பொடித் தாளு யாருது?" என்றார், உதடு அசையாமல்.

"தெரியாதுங்க."

"உன்னுது எது?"

சவுரி கையிலிருந்த எடைக்கல்லைக் கீழே வைத்தான்.

"மொதலாளிக்குத் தெரிஞ்சா மொதல்ல எந்தலதான் போவும். அதனால பொழச்சீங்க" என்றார் மேஸ்திரி. "ஆனா ஒண்ணு. நான் மறக்க மாட்டேன்டா சவுரி. அடுக்குனது நீ."

அவர் சொல்லி முடிக்கவில்லை, அந்தக் கோடியிலிருந்து விருத்தாசலம் முதுகில் மூட்டையோடு வந்துகொண்டிருந்தார். காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில், கணக்கு அறை வரைக்கும் எட்டுகிற மாதிரி கேட்டார்:

"சவுரி! சீட்டெல்லாம் நீதான் அடுக்கினியாமே? என் சீட்டு ஒழுங்காப் போய்ச் சேந்துச்சா கண்ணு?"

மேஸ்திரியின் கை தட்டை இறுகப் பிடித்தது. கணக்கு அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சவுரி கிழவரின் முகத்தைப் பார்த்தான். அந்தக் கட்டில் போய்ச் சேர்ந்த ஒரே சீட்டு அவருடையதுதான். அதைப் பச்சைக்கு அனுப்பியது சவுரியின் கைதான்.

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான். கிழவருக்கு விளங்கியதோ என்ற சந்தேகத்தில் மறுபடியும் ஆட்டினான்.